வெள்ளையைப் படமெடுக்க வேட்டியில் பழகு

அன்புள்ள கண்ணு,

குல்மார்க்கில் நீ எடுத்த படங்கள் வந்து சேர்ந்தன. "கண்ணுக்குப் பளிச்சுன்னு தெரிஞ்ச பனி படத்துல மட்டும் அழுக்காத் தெரியுதுங்களே, ஏனுங்கய்யா?" என்று கேட்டிருந்தாய். கூடவே உன் கல்லூரிக் கூட்டாளிகள் சொன்ன வைத்தியங்களையும் எழுதியிருந்தாய். ஒருவர் கேமராவை மாற்றச் சொன்னாராம். இன்னொருவர், செயலியில் ஒரு ஃபில்டர் போட்டால் வேலை முடிந்தது என்றாராம். மூன்றாமவர், பனியிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் பனிப்படம் வரும், பவானிக்காரனுக்கு எப்படி வரும் என்றாராம். முதல் இரண்டையும் பொறுத்துக்கொண்டேன். மூன்றாவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதனால்தான் கடிதம் நீளுகிறது.

அபெர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றும் உனக்குத் தெரியும். அதைத் தாண்டிய இடத்திலிருந்து தொடங்குகிறேன். கேமராவுக்குள் இருக்கும் மீட்டர், எதிரே இருப்பது பனியா கரியா என்று அறியாது. வந்து விழும் ஒளியை அளந்து, எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். தன்மேல் விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பைத்தான் நடுத்தரச் சாம்பல் என்கிறோம். பசும்புல்லும் நம் ஊர்ப் பாறையும் ஏறக்குறைய அந்த அளவில் நிற்பவை. புதிதாக விழுந்த பனியோ 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. ஸ்டாப் கணக்கில் இரண்டுக்குச் சற்று மேல். பந்தியில் யாருக்கு எவ்வளவு பசி என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே கரண்டி வைத்துக்கொண்டு போகிறவரைப் போலத்தான் மீட்டர். பனிக்கும் அதே கரண்டிதான். அதனால் உன் பனி சாம்பலாயிற்று. கேமரா பழுதில்லை. சொன்ன வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. வேறு வேலை சொல்ல வேண்டியவன் நீ.

எப்படிச் சொல்வது? எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தான் இருக்கிறதே, அதில் கூட்டல் பக்கம் போ. மேகமூட்டமான நாளில் +1. வெயில் விழும் பனியில் +1⅓, +1⅔. கணக்குப்படி இரண்டுக்கு மேல் வருகிறதே, முழுதும் கூட்டினால் என்ன என்று கேட்பாய். சூரியனைப் பார்த்துச் சாய்ந்திருக்கும் பனிச்சரிவு சராசரியைவிடப் பிரகாசமானது. முழுதும் கூட்டினால் அந்த இடத்தில் பனியின் மணியும் மடிப்பும் இல்லாமல் வெறும் காகிதம்தான் மிஞ்சும். ஹிஸ்டோகிராமைப் பார். மேடு வலப்பக்கம் நகர வேண்டும், வலது சுவரில் முட்டக் கூடாது. போனில் எடுப்பதானால் பனியின்மேல் விரலை அழுத்திப் பூட்டிவிட்டு, சூரியக் குறியை மேலே இழு. இப்போது வரும் போன்கள் காட்சியை ஊகித்துத் தாமே கொஞ்சம் திருத்திக்கொள்கின்றன. ஊகம் தப்பும்போது திருத்தத் தெரிந்தவனிடம்தான் நல்ல படம் இருக்கும்.

இனி மூன்றாமவருக்குப் பதில். என் கட்சி இது: தமிழ்நாட்டுக் கல்யாணப் படக்காரர்கள் பனியைக் கண்ணால் பாராமலே பனிப்படக் கலையைக் கற்றுத் தேர்ந்தவர்கள்.

ஃபிலிம் காலத்தில் ஒரு கொங்குக் கல்யாணத்தை நினைத்துப் பார். மாப்பிள்ளை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சுற்றி நிற்கும் மாமன், மச்சான், பங்காளிகள் எல்லோரும் வெள்ளை வேட்டி. முகமோ காட்டில் வெயில் குடித்த முகம். நேரம் பத்து மணிக்கு மேல், இடம் பந்தலுக்கு வெளியே வாசல். ஒரே சட்டத்துக்குள் இருட்டும் வெளிச்சமும் இதற்குமேல் மோதிக்கொள்ள முடியாது. முகத்துக்கு அளவெடுத்தால் வேட்டி வெந்துபோகும். வேட்டிக்கு அளவெடுத்தால் முகம் கரியாகும். இமயமலையில் கறுப்புப் பாறைக்கும் வெள்ளைப் பனிக்கும் நடுவே நிற்கிற படக்காரனுக்கு இருக்கும் சிக்கல் இதுவேதான். அவன் எப்போதாவது மலை ஏறும்போது சந்திப்பதை நம் ஸ்டுடியோக்காரர் ஒவ்வொரு முகூர்த்தத்திலும் சந்தித்தார்.

அவர் கையில் ஒரு துணை இருந்தது. ஃபிலிம் பெட்டிக்குள் ஒரு சிறு தாள் வரும். வெயில், லேசான மேகம், அடர்ந்த மேகம், நிழல் என்று கட்டம் கட்டி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு திறக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அதில் ஒரு கட்டம் வெயிலில் பளபளக்கும் மணலுக்கும் பனிக்கும் உரியது. சாதாரண வெயிலுக்குச் சொன்னதைவிட ஒரு ஸ்டாப் குறைத்துத் திறக்கச் சொல்லும். வெளிநாட்டுக் குளிருக்கு எழுதிய அந்தக் கட்டம் இங்கே வேட்டிக்குப் பயன்பட்டது என்பது என் துணிபு.

இங்கே உனக்கு ஒரு சந்தேகம் எழ வேண்டும். எழவில்லை என்றால் மேலே உள்ளதைத் திரும்பப் படி. மீட்டரை வைத்து எடுத்தால் கூட்டச் சொன்னேன், தாளோ குறைக்கச் சொல்கிறதே? இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து கணக்கைத் தொடங்குகின்றன. மீட்டர் பொருளிலிருந்து திரும்பி வரும் ஒளியை அளக்கிறது. தாள் வானத்திலிருந்து விழும் வெயிலை அளவாகக் கொள்கிறது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100 என்றால் எஃப் 16, ஷட்டர் 1/100 அல்லது 1/125. இந்தக் கணக்கில் எடுத்தால் சாம்பல் சாம்பலாகவும் வெள்ளை வெள்ளையாகவும் தானே வந்து விழும். வெள்ளை எல்லை தாண்டிவிடாமல் இருக்க எஃப் 22க்குப் போகிறோம், அவ்வளவுதான். மீட்டர் வழியில் +1⅓ வைத்து வரும் எண்ணும் இந்த வழியில் வரும் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனவா என்று நீயே சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரே ஊருக்கு இரண்டு வழியாகப் போய்ச் சேரத் தெரிந்தவன்தான் மீட்டரை நம்பலாமா கூடாதா என்று முடிவு செய்ய முடியும்.

இருட்டறையில் இன்னொரு கைவேலை நடக்கும். என்லார்ஜருக்குக் கீழே காகிதத்தை வைத்து, முகத்துக்கு வேண்டிய ஒளியைக் கொடுத்த பிறகு, முகத்தின்மேல் ஒளி படாமல் கையால் மறைத்துக்கொண்டு வேட்டிப் பகுதிக்கு மட்டும் மேலும் சில நொடி ஒளி காட்டுவார்கள். அப்போதுதான் வேட்டியின் மடிப்பு காகிதத்தில் எழும். பழைய கல்யாண ஆல்பத்தைத் திறந்தால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். மடிப்பும் கரையும் தெரிந்தால் அந்தப் படக்காரர் கெட்டிக்காரர். உன் அப்புச்சியின் கல்யாண ஆல்பத்தை எடுத்து அப்படிப் பார்த்துவிட்டு, பவானிக்காரனுக்குப் பனிப்படம் வராது என்று சொன்னவரிடமும் கொடு.

ஆகவே உன் முதல் பாடம் கொல்லைப்புறக் கொடிக்கயிற்றில் இருக்கிறது. துவைத்த வேட்டி ஒன்றைக் காயப்போடு. சொட்டு நீலம் போட்டது வேண்டாம், நிறக்கணக்கு கெட்டுவிடும். காலை ஏழு மணிக்கும், உச்சி வேளையிலும், மாலை ஐந்து மணிக்கும் எடு. ஒவ்வொரு வேளையும் மீட்டர் சொன்னபடி ஒன்று, +1 வைத்து ஒன்று, +2 வைத்து ஒன்று. நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள். வெயில் நேரெதிரே விழும் வேளையில் துணி தட்டையாகத் தெரியும். வெயில் பக்கவாட்டில் வரும்போது நூலிழை வரைக்கும் எழுந்து நிற்கும். பனியின் மணியும் அப்படித்தான், தாழ்ந்த வெயில் பக்கவாட்டில் தடவினால்தான் தெரியும். நீ குல்மார்க்கில் எடுத்ததெல்லாம் பதினோரு மணிக்கு மேல் எடுத்தது என்று கோப்பின் நேரமே சொல்கிறது. சுற்றுலா வேன் கிளம்பும் நேரத்துக்கு ஒளி வந்து காத்திருக்காது.

அதே வேட்டியை வீட்டின் நிழலில் கட்டி எடுத்துப் பார். நீலம் ஏறியிருக்கும். நிழலில் நேர் வெயில் இல்லை, நீல வானத்தின் ஒளி மட்டுமே விழுகிறது. பனியின் நிழல் நீலமாக இருப்பதற்கும் காரணம் அதுவே. அது பிழை இல்லை. ஒயிட் பேலன்ஸை வைத்து நிழலைச் சுத்தமாக வெளுத்தால் வெயில்பட்ட பனி மஞ்சளாகிவிடும். வெயில்பட்ட இடத்தை வெள்ளையாக வைத்துக்கொண்டு நிழலில் நீலம் இருக்கட்டும் என்று விடு. ரா கோப்பாக எடுத்தால் இந்த முடிவை வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எடுக்கலாம்.

இரண்டாவது பாடத்துக்குக் காலிங்கராயன் வாய்க்காலுக்குப் போ. 1283ஆம் ஆண்டில் முடித்த வாய்க்கால், இன்றும் தண்ணீர் போகிறது. அதன் பாசனத்தில் உழவு நடக்கும்போது டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் நடக்கும். பச்சை வயலில் ஒற்றை வெண்கொக்கு நிற்கும்போது, கற்றுக்கொண்ட பாடத்தை நம்பி +1 வைத்தாயானால் கொக்கு வெறும் வெள்ளை ஓட்டையாகிவிடும். இங்கே சட்டம் முழுக்க இருண்ட பச்சை. மீட்டர் அந்தப் பச்சையைப் பார்த்துத் தாராளமாகத் திறக்கும், கொக்கு வெந்துபோகும். ஆகவே −1 வை, வெயில் கடுமையானால் −1⅔ கூட வை. வெள்ளை சட்டத்தை நிறைத்தால் கூட்டு, வெள்ளை சிறிதாகவும் சுற்றம் இருட்டாகவும் இருந்தால் குறை. இது கைக்கு வந்துவிட்டால் பனியில் நிற்கும் கறுப்புக் குதிரையும், பாறையில் கிடக்கும் பனித்துண்டும் உனக்குச் சிரமம் தராது. இறகின் ஒவ்வொரு கீற்றும் தெரிகிற கொக்குப் படம் ஒன்று எடுத்தாயானால், பனிப்படத்தில் பாதி தேறிவிட்டாய் என்று நான் எழுதித் தருகிறேன்.

கொக்கைப் பற்றி எழுதும்போது மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் என்னால் தாண்ட முடியாது. 1912இல் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவிலிருந்து வந்த ஸ்டேட்ஸ்மன் இதழில் 1950இல் ஆரம்பித்த பத்தியை 1996இல் இறக்கும் வரை எழுதினார். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா கட்டிக்கொண்டார். ஊரெல்லாம் வண்ணத்துக்குப் போன பிறகும் கறுப்பு வெள்ளையிலேயே காட்டு யானைகளை எடுத்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் "மழைக்காலமும் குயிலோசையும்" என்ற பெயரில் தொகுத்திருக்கிறார். படமெடுக்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது அந்தப் புத்தகம்தான், கேமரா கையேடு அதற்குப் பிறகுதான். ஒரு பறவை எங்கே மேயும், எப்போது கூசும், எந்தத் தொலைவில் கழுத்தை நீட்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் ஷட்டரை எப்போது அழுத்துவது என்று தெரியும். வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில், பறக்கும் படம் வேண்டும் என்று கைதட்டிப் பறவையைக் கிளப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படி எடுத்த படத்தை என்னிடம் கொண்டுவராதே, நான் பார்க்க மாட்டேன்.

ஃபில்டர் பேச்சுக்குப் பதிலாக இன்னொருவரைச் சொல்கிறேன். அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊர்க்காரர் வில்சன் பென்ட்லி. உன்னைப் போல விவசாயி வீட்டுப் பிள்ளை. 1885 ஜனவரி 15ஆம் நாள், இருபது வயது நிறையும் முன்பே, நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி ஒரு பனிப்படிகத்தைப் படமாக்கினார். 1931இல் இறப்பதற்குள் 5,000க்கும் மேற்பட்ட படிகங்களை எடுத்துவிட்டார். அவருடைய சிக்கலும் வெள்ளையின் சிக்கல்தான். வெளுத்த பின்புலத்தில் வெள்ளைப் படிகத்தின் ஓரம் எடுபடவில்லை. அதனால் நெகட்டிவின் நகலில் படிகத்தைச் சுற்றியிருந்த பூச்சைக் கத்தியால் சுரண்டி எடுத்துப் பின்புலத்தைக் கறுப்பாக்கினார். இது ஏமாற்று வேலை என்று அப்போதே குறை சொன்னவர்கள் உண்டு. நான் அவர் பக்கம். படிகத்தில் இல்லாததைக் கொண்டுவந்து ஒட்டுவது அவர் நோக்கம் இல்லை என்பது என் துணிபு. உன் கூட்டாளி சொன்ன ஃபில்டர் அப்படிப்பட்டது இல்லை. அது இல்லாத வெளிச்சத்தையும் இல்லாத வானத்தையும் கொண்டுவந்து ஒட்டுகிறது.

பென்ட்லியிடமிருந்து நீ எடுத்துக்கொள்ள வேண்டியது, வெள்ளைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வேண்டும் என்பது. அதைப் பழக, பவானி காவிரியில் கலக்கும் நம் கூடுதுறையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. மார்கழி, தை மாதங்களில் விடியும் முன்னே போ. ஆற்றுத் தண்ணீர் மேலே உள்ள காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும் நாட்களில் தண்ணீரின்மேல் மூடுபனி எழும். பவானிக் கரையில் நின்று காவிரியைப் பார்த்தால் எதிர்க்கரை குமாரபாளையம், கிழக்கு. மார்கழியில் சூரியன் சற்றுத் தென்கிழக்கே தள்ளி எழும் என்பதால் ஆறு இறங்கிப் போகும் பக்கம் பார்த்து நில். மூடுபனிக்குப் பின்னாலிருந்து ஒளி வரும்போது அது பற்றி எரியும். மறுநாள் பாலம் தாண்டிக் குமாரபாளையம் கரைக்குப் போய், சங்கமேஸ்வரர் கோயில் கோபுரத்தின்மேல் முதல் வெயில் விழுவதை எடு. அங்கே சூரியன் உனக்குப் பின்னால், மூடுபனி வெறும் சாம்பல் திரை. ஒரே ஆறு, ஒரே நேரம், இரண்டு கரையில் இரண்டு படம்.

மூடுபனியில் +⅔ முதல் +1 வரை போதும். ஆட்டோ ஃபோகஸ் பிடி கிடைக்காமல் தடுமாறும், பரிசலின் விளிம்பு போன்ற கறுத்த ஓரம் ஒன்றைக் காட்டு. தூரத்தை ஜூம் போட்டு இழுக்காதே, இடையில் இருக்கும் பனியெல்லாம் சேர்ந்து படத்தைப் பாலாய்ப் போர்த்திவிடும். பக்கத்தில் போ. முன்னால் கறுப்பாக ஒரு பரிசல், நடுவில் சாம்பலாக ஒரு மரம், பின்னால் இருக்கிறதோ இல்லையோ என்று எதிர்க்கரை. ஆழம் இப்படித்தான் வரும்.

இதெல்லாம் தேறிய பிறகு ஊட்டிக்குப் போ. வெள்ளைப் பரப்பு வேண்டும் என்றால் காஷ்மீருக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. டிசம்பரிலும் ஜனவரியிலும் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் புல் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். நம் வாசலில் ஓடும் பவானியும் அந்த மலையில்தான் பிறக்கிறது. அப்பர் பவானியில் குளிர் இன்னும் கடுமை, ஆனால் அது காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் போகாதே.

எந்த நாளில் போவது என்பதற்கு விதி உண்டு. மேகமில்லாத, காற்றில்லாத இரவாக இருக்க வேண்டும். மேகம் இருந்தால் தரையின் வெப்பம் வெளியேறாமல் தங்கிவிடும். காற்று அடித்தால் மேலிருக்கும் வெதுவெதுப்பு கீழே கலந்துவிடும். இரண்டும் இல்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கும் பங்களா வாசலில் ஒன்றுமில்லாதபோது கீழே மைதானம் வெள்ளையாக இருக்கும். மாலையில் வானத்தைப் பார்த்துவிட்டுப் படு. வெயில் ஏறும் முன்னே பள்ளத்தில் போய் நில், வெயில் பட்ட சிறிது நேரத்தில் எல்லாம் உருகிவிடும். புல் பாதி பச்சை பாதி வெள்ளையாக இருப்பதால் +⅔, +1 போதும். புல்லின் நுனியில் நிற்கும் படிகங்களை எதிர்வெயிலில் எடு, பின்னால் நிழல் விழுந்த மரங்கள் இருக்கட்டும். தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார் என்ற செடியைக் கொண்டு மூடியிருப்பார்கள், புல்வெளிக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். அவர்களுக்கு உறைபனி செடியைக் கருக்கும் சங்கடம். கேரட் காட்டுக்குள்ளும் தேயிலைக்குள்ளும் கேட்காமல் இறங்காதே. நம் மஞ்சள் காட்டில் யாராவது கேமராவோடு இறங்கி மிதித்தால் உன் அப்பா என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியும்.

மறுபடி இமயமலைப் பக்கம் போனால் கவனிக்க வேண்டியவை சில. குளிரில் பேட்டரி சீக்கிரம் சோரும், உபரி ஒன்றைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வை. வெளியிலிருந்து சூடான அறைக்குள் வரும் முன் கேமராவைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் காற்றில்லாமல் கட்டு, அறைச் சூட்டுக்கு வரும் வரை பிரிக்காதே. பிரித்தால் லென்ஸின் உள்ளேயும் வெளியேயும் ஈரம் படியும். விழும் பனி தனித்தனி மணியாகத் தெரிய 1/500, கோடாக இழுபட சுமார் 1/60. அப்போது ஃபிளாஷ் வேண்டாம், அருகில் விழும் மணிகள் எல்லாம் வெள்ளை வட்டங்களாகும். விட்டோரியோ செல்லா என்ற இத்தாலியர் 1899இல் கஞ்சன்ஜங்காவைச் சுற்றி வந்தபோதும், 1909இல் கே2 போனபோதும் எடுத்த படங்களைத் தேடிப் பார். நிறமே இல்லாத அந்தப் படங்களில் பனியில் எத்தனை வகை வெள்ளை இருக்கிறது என்று எண்ணிப் பார்.

எந்த கேமரா வாங்கலாம் என்ற கேள்வியை இன்னும் ஓராண்டுக்கு என்னிடம் கேட்காதே. கையில் இருப்பது போதும். கொடிக்கயிற்று வேட்டிப் படங்களையும் கொக்குப் படத்தையும், எதையும் திருத்தாமல், எடுத்த நேரமும் கூட்டல் கழித்தலும் எழுதிய நோட்டோடு தைப்பொங்கலுக்கு வரும்போது கொண்டுவா. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் பழைய இயற்பியல் வாத்தியார்
பவானி